ஒலிப்பெட்டி கேள்வி–பதில்: இடது கைக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்

சென்ற இதழில் குரல் பதிவைப் பற்றி எழுதும்போது, மவுஸை மட்டுமே நம்பிப் பாட்டு எடிட் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். சரி, இந்த முறை முழுக்க ஷார்ட்கட்தான்.

படிக்கும் முன் ஒன்று. நான் 'டி' என்று எழுதினால் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து. 'டீ' என்று எழுதினால் இருபதாம் எழுத்து. மேக் வைத்திருப்பவர்கள், நான் ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள்களைப் பற்றிப் பேசும்போது கண்ட்ரோல் என்று வரும் இடங்களில் கமாண்ட் என்று படித்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் தேசிய சேவையில் இருக்கிறேன். வார இறுதியில் புக் அவுட் ஆகி வந்தால்தான் மேக்புக்கைத் தொட முடியும். லாஜிக் ப்ரோவில் பாட்டுப் போடுகிறேன். ஷார்ட்கட் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், செம்பவாங்

பட்டியலை மூடி வையுங்கள் தம்பி. அதை மனப்பாடம் செய்து யாரும் வேகமானதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை உட்காரும்போது உங்கள் வலது கையைக் கவனியுங்கள். மவுஸ் திரும்பத் திரும்ப எங்கே ஓடுகிறதோ அந்த வேலைக்கு மட்டும் ஒரு விசையைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது நாலு வேலைதான்: ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்பது, பதிவு செய்வது, வெட்டுவது, கிட்டே போய்ப் பார்ப்பது.

ஓர் உதாரணம். பாட வந்தவருக்குப் பல்லவியின் இரண்டாம் வரியில் சுருதி இறங்குகிறது. அந்த வரி இருக்கும் துண்டைத் தேர்ந்தெடுத்து யு அழுத்துங்கள். மேலே மஞ்சள் பட்டை அந்த வரியின் அளவுக்கு உட்கார்ந்து, சுழற்சியும் தொடங்கிவிடும். கே அழுத்தினால் தாளம் தட்டும் மெட்ரோனோம் வரும், மறுபடி அழுத்தினால் போகும். பிறகு ஆர். அவ்வளவுதான், அவர் பாடிக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு சுற்றும் தனித்தனி டேக்காக ஒரே கோப்புறைக்குள் அடுக்கப்படும். போதும் என்று தோன்றும்போது ஸ்பேஸ் பார். "கொஞ்சம் இருங்க, மறுபடி செட் பண்றேன்" என்று ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியதில்லை. பாடுகிறவரின் மூடு கெடுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

அடுத்து வெட்டு. துண்டைத் தேர்ந்தெடுத்து இசட் அழுத்தினால் அது திரையை நிரப்பும். வரிக்கு முன்னால் மூச்சு இழுக்கும் இடம் சின்னப் புடைப்பாகத் தெரியும். பாட்டு ஓடும் இடத்தைக் காட்டும் ஓட்டக்கோட்டை அதன் முடிவில் நிறுத்தி கமாண்ட்+டீ. துண்டு இரண்டாகும். மூச்சுத் துண்டை அழிக்க வேண்டாம். கண்ட்ரோல்+எம் அழுத்தி ஊமையாக்குங்கள். பின்னால் வாத்தியம் எல்லாம் சேர்ந்தபிறகு, அந்த மூச்சு இருந்தால்தான் பாட்டுக்கு உயிர் என்று தோன்றலாம். மறுபடி இசட், முழுப் பாட்டும் திரைக்கு வரும். எக்ஸ் அழுத்தினால் மிக்சர். பியானோ ரோலுக்குப் பியானோவின் முதல் எழுத்து. இவ்வளவு வந்துவிட்டால் உங்கள் வார இறுதி நீண்டுவிடும்.

ஆப்ஷன்+கே அழுத்தினால் எல்லா ஷார்ட்கட்டும் இருக்கும் சாளரம் திறக்கும். தேடல் பெட்டியில் வேலையின் பெயரை அடித்தால் விசையைக் காட்டும், மாற்றவும் விடும். மாற்றாதீர்கள் என்பது என் கட்சி. இன்னொருவர் ஸ்டூடியோவில் போய் உட்காரும் நாளில் கைக்குப் பழகியது எதுவும் அங்கே இருக்காது. விசையே இல்லாத வேலைகளுக்கு மட்டும் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்டியில் உட்கார்ந்து கமாண்ட்+கே அழுத்தி, எழுத்து விசைகளையே பியானோவாக்கி ட்யூன் போடுகிறவர் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தச் சாளரம் திறந்திருக்கும்வரை எழுத்து விசைகள் வாத்தியத்துக்குச் சொந்தம். யு அழுத்தினால் சுழற்சி வராது, ஸ்வரம்தான் வரும்.

நான் பாடல் எழுதுகிறவள். ஒரு பக்கம் வோர்டில் தமிழில் வரிகள், இன்னொரு பக்கம் எஃப்எல் ஸ்டூடியோ. சில நேரம் எஃப்எல்லில் எந்த எழுத்து விசையும் வேலை செய்வதில்லை; சில நேரம் எதைத் தொட்டாலும் டொய்ங் என்று சத்தம் வருகிறது. கணினி கெட்டுவிட்டதா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

கணினி நன்றாக இருக்கிறது. இரண்டும் இரண்டு விஷயம்.

சத்தம் வருவது எளிதான சமாசாரம். கண்ட்ரோல்+டீ அழுத்தியிருப்பீர்கள், தெரிந்தோ தெரியாமலோ. எழுத்து விசைகளைப் பியானோவாக்கும் வசதி அது. மறுபடி அதையே அழுத்தினால் அடங்கும்.

வேலை செய்யாமல் போவது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. வோர்டில் அஞ்சல், தமிழ்99 என்ற தட்டச்சு முறைகளில் ஒன்றை வைத்து 'நிலவே' என்று அடித்துவிட்டு எஃப்எல்லுக்குத் தாவுகிறீர்கள். உள்ளீட்டு மொழி தமிழிலேயே நிற்கிறது. நீங்கள் எல் அழுத்தினாலும் மென்பொருளுக்குப் போய்ச் சேர்வது அஞ்சலில் 'ல்', தமிழ்99-இல் 'த'. அதற்கு அது என்னவென்று தெரியாது, பேசாமல் இருந்துவிடும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் பாடம் எடுக்கிறவர்கள் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். அவர்களுக்கு இது நடப்பதே இல்லை.

விண்டோஸ்+ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். ஆனால் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருந்தால் வரி மறந்துபோகும். விண்டோஸ் அமைப்புகளில் கீபோர்டுக்கான மேம்பட்ட பகுதிக்குப் போனால், ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்துவிடுங்கள். வோர்டு தமிழிலும் எஃப்எல் ஆங்கிலத்திலும் அதனதன் பாட்டுக்கு இருக்கும். மேக்கிலும் உள்ளீட்டு மொழிப் பகுதியில், ஆவணத்துக்கேற்ப மொழியைத் தானாக மாற்றும் தேர்வு ஒன்று உண்டு. கையால் மாற்ற கண்ட்ரோல்+ஸ்பேஸ்; இங்கே மேக்கிலும் கண்ட்ரோலேதான், கமாண்ட் அல்ல.

எஃப்எல்லில் மேல்வரிசை விசைகளைப் பழகிக்கொள்ளுங்கள். எஃப்5 ப்ளேலிஸ்ட், எஃப்6 சேனல் ராக், எஃப்7 பியானோ ரோல், எஃப்9 மிக்சர். இவை தமிழ், ஆங்கிலம் பார்ப்பதில்லை.

பல வருடம் லாஜிக்கில் இருந்தேன். மகள் வற்புறுத்தலால் ஏபிள்டன் லைவுக்கு மாறினேன். முதல் நாளே, பதிவு செய்யலாம் என்று ஆர் அழுத்தினேன். ஏற்கெனவே பதிந்திருந்த என் மனைவியின் குரல் பின்னாலிருந்து முன்னால் பாடுகிறது! என்ன மாயம் இது?
– வாசகர், பிடோக்

மாயமில்லை ஐயா. லைவில் ஆர் என்றால் தேர்ந்தெடுத்த ஒலியைத் தலைகீழாகத் திருப்புவது. கண்ட்ரோல்+இசட் அழுத்துங்கள், வீட்டில் சமாதானம் திரும்பும். பதிவுக்கு அங்கே எஃப்9.

இந்த ஒரு விசையை வைத்தே ஊர் சுற்றலாம். லாஜிக்கிலும் எஃப்எல்லிலும் ஆர் பதிவு. க்யூபேஸில் டிராக்கைப் பதிவுக்குத் தயாராக்கும், பதியாது. ரீப்பரில் சுழற்சியை இயக்கும். ப்ரோ டூல்ஸில் எழுத்து விசைக் கட்டுப்பாடு இயங்கும்போது திரையைத் தள்ளிவைத்துக் காட்டும். கூட ஒரு கண்ட்ரோலோ கமாண்டோ சேர்ந்தால் இன்னும் வேடிக்கை: லாஜிக்கில் துண்டை அடுத்து ஒருமுறை ஒட்டும், லைவில் பெயர் மாற்றும், ரீப்பரில் பதிவைத் தொடங்கும், எஃப்எல்லில் முழுப் பாட்டையும் ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்யக் கிளம்பிவிடும்.

எனவே மென்பொருள் மாறினால் பழைய கையை நம்பாதீர்கள். ஸ்பேஸ் பார் ஓட்டும், கண்ட்ரோல்+இசட் மீட்கும், கண்ட்ரோல்+எஸ் சேமிக்கும். இந்த மூன்றையும் தவிர மற்றதெல்லாம் புது வீட்டு ஸ்விட்ச் போல. எது விளக்கு, எது மின்விசிறி என்று தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் உருமி மேளக் குழுவின் வாசிப்பை நாலு மைக் வைத்து லைவில் பதிந்தோம். வெட்டுகிற இடம் எதுவும் கட்டக் கோட்டில் விழவில்லை. யாரோ சொன்னார்கள் என்று கண்ட்ரோல்+யு அழுத்தினோம். தாளம் நேரானது, ஆனால் ஆட வரவில்லை. உருமிச் சத்தம் வேறு துண்டு துண்டாக விக்குகிறது.
– வாசகர்கள், உட்லண்ட்ஸ்

கடிதத்தோடு அனுப்பிய பதிவையும் கேட்டேன். வாசித்தவர்கள்மேல் குற்றமே இல்லை, பிரமாதமாக வாசித்திருக்கிறீர்கள். நீங்கள் வாசித்தது திஸ்ரம், மூன்று மூன்றாகப் போகும் நடை. திரையில் இருக்கும் கோடுகளோ ஒவ்வொரு அடியையும் நாலாகப் பிரித்துக் காட்டுகின்றன. மூன்றை நாலு கோட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கண்ட்ரோல்+3 அழுத்துங்கள். கோடுகள் மூன்று மூன்றாக மாறும். கண்ட்ரோல்+1 கோடுகளை நெருக்கும், கண்ட்ரோல்+2 விலக்கும், கண்ட்ரோல்+4 கோட்டில் போய் ஒட்டிக்கொள்வதை நிறுத்தும். நாலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இடது கை அங்கேயே தங்கலாம். ஒரே ஒரு வெட்டை மட்டும் கோட்டைவிட்டு நகர்த்த வேண்டுமானால் ஒட்டலை அணைக்கக்கூட வேண்டாம். விண்டோஸில் ஆல்ட், மேக்கில் கமாண்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுங்கள். வெட்ட கண்ட்ரோல்+இ. வெட்டியதை ஒன்றாக்க கண்ட்ரோல்+ஜே. அடுத்தடுத்து நகலெடுக்க கண்ட்ரோல்+டி.

இப்போது அந்த கண்ட்ரோல்+யு. அது ஒவ்வொரு அடியையும் கட்டக் கோட்டுக்கு இழுத்துவிடும். எந்தக் கோடு, எவ்வளவு தூரம் இழுப்பது என்பதெல்லாம் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+யு அழுத்தினால் வரும் பெட்டியில் இருக்கிறது. உங்கள் பதிவில் கோடு பதினாறாம் பங்காகவும், அதாவது நாலு நாலாகப் பிரிப்பதாகவும், இழுப்பு நூறு சதவீதமாகவும் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் திஸ்ரம் செத்தது. மும்மைக் கோட்டைத் தேர்ந்தெடுத்து, அளவைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள்.

உருமி விக்குவதற்குக் காரணம் வேறு. தவிலின் அடி சுரீரென்று தொடங்கும்; திரையில் ஊசி மாதிரி நிற்கும். லைவ் அந்த ஊசிகளைத் தேடித்தான் தாளத்தைப் புரிந்துகொள்கிறது. உருமியிலோ வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கிறீர்கள். "ஊம்ம்" என்று எழும்பி வளர்ந்து அடங்கும் ஒலிக்குத் தொடக்கம் இதுதான் என்று காட்ட ஓரிடம் கிடையாது. பாவம், மென்பொருள் ஏதோ ஒரு நடுப்பகுதியைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு அங்கே கத்தி வைக்கிறது. ஒலித்துண்டின் வார்ப் முறை, அதாவது ஒலியை நீட்டிச் சுருக்கும் விதம், வழக்கமாக பீட்ஸ் என்றிருக்கும். உருமி டிராக்குக்கு அதை காம்ப்ளெக்ஸ் என்று மாற்றுங்கள். விக்கல் நின்றுவிடும்.

இன்னொன்று. நாலு மைக்கிலும் எல்லா வாத்தியமும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்திருக்கும். தவில் டிராக்கை மட்டும் நகர்த்தினால், உருமி மைக்கில் விழுந்த தவில் அங்கேயே நின்று இரட்டையாக ஒலிக்கும். நாலையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். லைவ் 11 முதல் டிராக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் வசதி வந்திருக்கிறது. நாலு டிராக் தலைப்பையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து இணைத்துவிட்டால், ஒன்றில் வைத்த வெட்டு நாலிலும் விழும்.

என்னைக் கேட்டால், வாசித்ததை நேராக்கவே வேண்டாம். தவில் துண்டின்மேல் வலது கிளிக் செய்தால் அதன் நடையை உருவி எடுக்கும் வசதி இருக்கிறது: எக்ஸ்ட்ராக்ட் க்ரூவ். அதை எடுத்து, பின்னணியில் நீங்கள் சேர்த்திருக்கும் எலெக்ட்ரானிக் ட்ரம்முக்குப் போடுங்கள். இயந்திரம் உங்கள் தவில்காரரைப் பின்தொடரட்டும். தைப்பூசத்துக்கு முன் மறுபடி அனுப்புங்கள், கேட்க ஆசை.

க்யூபேஸ் வாங்கினேன். பதிவுக்கு எண் தட்டின் நட்சத்திரக் குறியை அழுத்தச் சொல்கிறது. என் மடிக்கணினியில் எண் தட்டே இல்லை.
– வாசகர், சுவா சூ காங்

க்யூபேஸ் 1989-இல் அட்டாரி எஸ்டி கணினியில் வந்த மென்பொருள். அந்தக் கணினியின் வலப்பக்கம் எண் தட்டு இருக்கும். நட்சத்திரம் பதிவு, பூஜ்யம் நிறுத்தம், சாய்கோடு சுழற்சி என்று வலது கையாலேயே வண்டி ஓட்டலாம். பழகினால் அதை மிஞ்ச எதுவுமில்லை. சிம் லிம் ஸ்குவேரில் யூஎஸ்பி எண் தட்டு தனியாகவே கிடைக்கும், வாங்கிவிடுங்கள். வேண்டாமென்றால் எடிட் மெனுவில் கீ கமாண்ட்ஸ் திறந்து பதிவுக்கு வேறு விசை கொடுங்கள். மேலே தம்பிக்கு மாற்றாதே என்றேன். உங்களிடம் விசையே இல்லை, அதனால் மாற்றலாம்.

என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. தபேலாவும் கீபோர்டும் வாசிப்பான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மவுஸ் பிடித்தால்தான் பதிவு செய்ய முடிகிறது. தானே செய்ய வழி உண்டா?
– வாசகி, தோ பாயோ

உண்டு. நன்றாகவே உண்டு. நமக்கெல்லாம் ஷார்ட்கட் ஒரு வசதி; உங்கள் தம்பிக்கு அதுதான் பாதையே. பார்வையற்ற ஒலிப்பொறியாளர்கள் உலகெங்கும் விசைகளை மட்டும் வைத்துத் தொழில் செய்கிறார்கள்.

விண்டோஸ் என்றால் மூன்று பொருள் வேண்டும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ, இலவசம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். 60 நாள் முழு வசதியோடு பரிசோதிக்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். மூன்றாவது, இவை இரண்டையும் பேசவைக்கும் ஒசாரா என்ற இணைப்பு; அதுவும் இலவசம். ஆஸ்திரேலியாவில் என்விடிஏவை வளர்த்தெடுத்த பார்வையற்ற நண்பர்கள் இருவரில் ஒருவர்தான் ஒசாராவையும் தொடங்கியவர். தனக்கே வேண்டும் என்று ஒருவர் செய்த பொருள் என்பது பயன்படுத்தும்போது தெரியும். மேக் என்றால் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் கணினியிலேயே இருக்கிறது, கமாண்ட்+எஃப்5 அழுத்தினால் பேசத் தொடங்கும். ரீப்பரும் ஒசாராவும் அங்கும் ஓடும்.

ஒசாரா இருந்தால், மேல் கீழ் அம்புக்குறியால் டிராக் டிராக்காகப் போகும்போது பெயரையும், ஊமையா, பதிவுக்குத் தயாரா என்பதையும் காதில் சொல்லும். முதல் நாள் எஃப்12-ஐக் காட்டிக்கொடுங்கள். அதை அழுத்தியபின் எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும், செய்யாது. எதுவும் கெட்டுப்போகுமோ என்ற பயமில்லாமல் அவரே கீபோர்ட் முழுக்க உலாவலாம். பிடித்துவிட்டபின் ரீப்பரின் ஆக்‌ஷன் லிஸ்டுக்குப் போகட்டும். நாலைந்து வேலையைக் கோத்து ஒரே விசையில் கட்டிவைக்க அங்கே முடியும்: புது டிராக், பதிவுக்குத் தயார், மெட்ரோனோம், பதிவு, எல்லாம் ஒரே தட்டில்.

இரண்டு நடைமுறை ஆலோசனை. திரைவாசிப்பானின் குரலும் தபேலாவும் ஒரே ஹெட்ஃபோனில் வந்தால் மண்டை காயும். பாட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகப் போகட்டும். என்விடிஏவின் குரலைக் கணினியின் சொந்த ஒலிபெருக்கிக்கோ தனிக் காதுக்கருவிக்கோ திருப்பிவிடுங்கள், அதன் அமைப்பிலேயே மாற்றலாம். மைக் திறந்திருக்கும்போது காதுக்கருவிதான் சரி. அடுத்தது, வெளியார் விற்கும் அலங்காரமான ப்ளகின்கள் (பதிவு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள்) பல வெறும் படம்தான். திரைவாசிப்பானுக்கு அங்கே படிக்க ஒன்றும் இருக்காது. ரீப்பரோடு வரும் ஈக்யூவும் கம்ப்ரஸரும் ஒசாராவின் பட்டியலில் எண்ணெண்ணாக வரும், அம்புக்குறியால் கூட்டலாம் குறைக்கலாம். பணம் செலவழிக்கும் முன் அவற்றையே பழகட்டும். அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும்.

ஷார்ட்கட் அச்சிட்ட வண்ண ஸ்டிக்கர்களைக் கீபோர்டில் ஒட்டலாமா?
– வாசகர், ஈசூன்

ஒட்டினால் கண் கீழேயே இருக்கும். சிங்கப்பூர் புழுக்கத்தில் கோந்தும் சீக்கிரம் நழுவும். சிலிக்கான் உறை என்றால் கழற்றிவிடலாம். அதையும் கொஞ்ச நாள் கழித்துக் கழற்றிவிடுங்கள்.

மவுஸ் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறது. ஷார்ட்கட் உதவுமா?
– வாசகி, அங் மோ கியோ

பாரம் இரண்டு கைக்கும் பிரியும், அந்த மட்டில் உதவும். மூன்று விசையை ஒரே கையால் எட்டிப் பிடிக்கும் கூட்டுகளைத் தவிருங்கள், இடது மணிக்கட்டும் போய்விடும். வலி இரவிலும் இருந்தாலோ விரல் மரத்தாலோ பத்திரிகைக்கு எழுதாமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

என் கோப்புறையில் 'பாட்டு கடைசி', 'பாட்டு கடைசி கடைசி', 'இதுதான் கடைசி' என்று கோப்புகள். எது உண்மையில் கடைசி என்று எனக்கே தெரியவில்லை. எஃப்எல் பயன்படுத்துகிறேன்.
– வாசகர், பொங்கோல்

கண்ட்ரோல்+என். எஃப்எல்லில் அது புதுப் பதிப்பாகச் சேமிக்கும். பெயருக்குப் பின்னால் எண்ணை அதுவே கூட்டிக்கொண்டு போகும். பெரிய எண் எதுவோ அதுதான் கடைசி. பெரிய மாற்றம் செய்யப்போகும் முன் ஒருமுறை அழுத்திவிட்டு இறங்குங்கள். லாஜிக் வைத்திருப்பவர்களுக்கு ஃபைல் மெனுவில் ப்ராஜெக்ட் ஆல்டர்னேட்டிவ்ஸ் என்று இதே வேலைக்கு ஒன்று உண்டு. ஆனால் நண்பர் வீட்டு லைவிலோ க்யூபேஸிலோ கண்ட்ரோல்+என் அழுத்தினால் வெற்றுத் திட்டம் ஒன்றைத் திறக்கக் கிளம்பும். சேமிக்கவா என்று கேட்கும் பெட்டிக்கு, படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.